தம்பி கட்டிய விமானமும் என் கடப்பாரையும்

ஃபைபர் வேலை செய்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடி நூல் பொடியாகிக் கழுத்திலும் அக்குளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சுணைக்கிற வேலையில் பொறுமை எங்கிருந்து வரும்? கிரைண்டர் போட்ட அன்றைக்கு எங்கள் பட்டறையில் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேச மாட்டோம். நாரை ஒட்டுகிற ரெசினும் எங்களைப் போலத்தான். அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு மூடி கூடிவிட்டால் கலக்குகிற மக்குக்குள்ளேயே சூடேறிப் புகைந்து, வெளியே வீசுவதற்குள் கையைப் பொசுக்கிவிடும். என் இடது புறங்கையில் அப்படி ஒரு தழும்பு உண்டு. என் தம்பிக்குத் தாடையில் ஒன்று உண்டு. அது ரெசின் செய்ததல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது நான் எறிந்த டிபன் பாக்ஸ் மூடி செய்தது. பதிலுக்கு அவன் என் சடையைப் பிடித்துச் சுவரில் மோதினான். எங்கள் வீட்டில் கை முந்திக்கொள்ளும். வாய் பின்னால்தான் வரும்.

பட்டறை கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம், திண்டிவனம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா போட்டது. சர்ச்சுகளுக்குச் சுரூபம் செய்கிறோம். மாதா, குழந்தை இயேசு, இறக்கை வைத்த சம்மனசு, எது கேட்டாலும் செய்வோம். கோயில்காரர்கள் வந்தால் மயிலும் செய்து கொடுப்போம். அப்பா போனபிறகு நான்தான் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அங்கே பட்டறை காலியாகக் கிடந்தது, இங்கே நான் காலியாக இருந்தேன்.

சுரூபம் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முதலில் தெர்மாகோலில் உருவத்தைச் செதுக்குவோம். அதன்மேல் பட்டி பூசி, கண்ணாடி நாரும் ரெசினும் வைத்து அடுக்கடுக்காக ஒட்டுவோம். காய்ந்து இறுகினபிறகு, அடிப்பாகத்தில் ஒரு துளை போட்டுத் தின்னர் ஊற்றுவோம். தின்னர் பட்டதும் தெர்மாகோல் சுருங்கிக் கூழாகிவிடும். அதைக் கவிழ்த்து வடித்துவிட்டுத் துளையை அடைத்துவிடுவோம். வெளியே மாதா இருப்பாள், உள்ளே ஒன்றும் இருக்காது. திருவிழா அன்றைக்குச் சுரூபத்தைத் தோளில் தூக்குகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரை நோய்க்காரர்கள். கனமாகச் செய்து கொடுத்தால் வருகிற திருவிழாவுக்கு வேறு பட்டறையைத் தேடிப் போய்விடுவார்கள்.

கரைக்கிற வேலை எப்போதும் மேஸ்திரி அண்ணனுடையது. அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கிறவர். மயிலம் பக்கம் சொந்த நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில் மட்டும் வர மாட்டார், போனையும் எடுக்க மாட்டார். மற்ற நாளெல்லாம் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் வந்து வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார், ஒரு வார்த்தை குறைக்கவும் மாட்டார். என் கோபத்தை அவர் மழையைப் போல எடுத்துக்கொள்வார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஓய்ந்ததும் வேலையைப் பார்ப்பார்.

இதற்குள்தான் என் தம்பி விமானத்தைக் கொண்டுவந்து நுழைத்தான்.

ராணுவத்தில் விமானம் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவன். ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது பெட்டியில் துணிமணியைவிட வரைபடம்தான் அதிகம் இருந்தது. வெளிநாட்டில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறக்கிறார்களாம். இரும்போ தகரமோ வேண்டாமாம். தெர்மாகோல் மாதிரி ஒரு நீலக் கட்டி, அதன்மேல் கண்ணாடித் துணி, அதை ஒட்ட எபாக்சிப் பசை, அவ்வளவுதானாம். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டவன். வேறு எதில் கை வைப்பான்?

"அக்கா, நீ துணி மட்டும் போட்டுக் குடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

"மேல இருந்து விழுந்து செத்தீன்னா அம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது?"

"நீதான். எல்லாத்துக்கும் நீதான சொல்லிக்கினு இருக்க."

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அவன்மேல் இருந்த பாசம் என்று சொன்னால் அது பாதிதான். அந்தக் கண்ணாடித் துணியைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் போடுகிற நார் வைக்கோல் என்றால் அது பட்டு. அதன்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

வேலை தொடங்கின நாளிலிருந்து சண்டைதான். சூடான கம்பியால் நீலக் கட்டியை இறக்கை வடிவத்துக்கு அறுப்பான். அறுக்கும்போது பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு. நான் துணியைக் குறுக்குச் சாய்வாக விரித்து, எபாக்சி ஊற்றி, ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்துப் படிய வைப்பேன். நகக்கண் அளவு காற்றுக் குமிழ் இருந்தால்கூடக் கத்துவான். ஒருநாள் மூன்று அடுக்கு போட்டு முடித்திருந்தேன். ஏதோ ஓர் ஓரத்தில் குமிழ் தெரிகிறது என்று சொல்லி, ஈரத்தோடு மொத்தத்தையும் பிய்த்துத் தரையில் அடித்தான். காலையிலிருந்து நான் போட்ட துணி அது. எபாக்சிக் கையோடு அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். நான் கையை எடுத்துவிட்டேன், எபாக்சி விடவில்லை. அது காய்ந்ததும் அவனைச் சலூனில் கொண்டுபோய் மொட்டை போடவேண்டி வந்தது. யாருக்கு வேண்டுதல் என்று தெருவில் கேட்டார்கள். வேளாங்கண்ணிக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்படியெல்லாம் அடித்துக்கொண்டுதான் இரண்டு இறக்கையும் முடிந்தன. முதலில் வலது, பிறகு இடது. வலதைச் செய்யும்போது கை பழகவில்லை, எபாக்சி கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. இடது அப்படியில்லை. நான் என் ஆயுசில் செய்ததிலேயே சுத்தமான வேலை அந்த இடது இறக்கைதான். எந்த மாதாவின் முகத்தையும் நான் அவ்வளவு வழவழப்பாக முடித்ததில்லை.

அப்புறம் பளு வைத்துப் பார்த்தான். இறக்கையைக் கவிழ்த்துத் தாங்கியில் மாட்டி, அதன்மேல் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னான். பறக்கும்போது காற்று தூக்குகிற தூக்கு அந்த அளவுக்கு இருக்குமாம். மூட்டை ஏற ஏற இறக்கை நுனி கீழே வளைந்தது. உள்ளே எங்கேயோ முறுமுறுவென்று சத்தம் கேட்டது. மேஸ்திரி அண்ணன் கடைசி மூட்டையை வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். உடைந்தால் உடையட்டும், அவன் ஏறுவதற்கு முன்னாலேயே உடையட்டும் என்று நான் கும்பிட்டேன். உடையவில்லை. இரண்டும் தாங்கின. தம்பி என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷமா பயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயம்தான் என்று நினைக்கிறேன்.

மூட்டையை இறக்கின கையோடு எடை போட்டான். நெல் மண்டியிலிருந்து வாங்கிவந்த தராசு. இடது இறக்கை அவன் கணக்குக்குச் சரியாக வந்தது. வலது கனத்தது. அவ்வளவு கனத்தோடு விமானம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றான். திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்த்தான். பிறகு அவனுக்குப் பேய் ஏறிவிட்டது. தகர டின்களை எட்டி உதைத்தான். கையிலிருந்த ஸ்பானரை வீசினான். அது மேஸ்திரி அண்ணன் காதோரம் போய் ஷீட்டில் பட்டு விழுந்தது.

"இதுக்குள்ள இன்னாத்த அடைச்சு வச்சிருக்கீங்க? கல்லா? வெயிட்டு, வெயிட்டுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன். எவன் காதுலயாவது ஏறுதா?"

மேஸ்திரி அண்ணன் ஸ்பானரை எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். பிறகு என்னிடம் வந்து, "தம்பி வெயிட்டுக்குத்தாம்மா பேஜார் படுது. பாவம்" என்றார். ஸ்பானர் பட்டிருந்தால் அவர் காது இருந்திருக்காது. பாவமாம். எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளவனூரில் சித்தி மகளுக்குக் கல்யாணம். அம்மாவை அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் சனிக்கிழமையே போய்விட்டோம். திங்கட்கிழமை வந்தபோது மேஸ்திரி அண்ணன் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார். பட்டறை கூட்டிச் சுத்தமாக இருந்தது. தம்பி வந்ததும் வலது இறக்கையை மறுபடியும் தராசில் ஏற்றினான். கல்யாணச் சாப்பாடு சாப்பிடும்போதுகூட அவன் மனசு அந்தத் தராசில்தான் இருந்தது போல.

இறக்கை எடை குறைந்திருந்தது. இடது இறக்கைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டது.

"அன்னிக்கு தராசு மேடு பள்ளத்துல இருந்துச்சுக்கா. அதான். இப்ப பாரு, ரெண்டும் ஒண்ணா நிக்குது" என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிறவனிடம் போய்த் தராசைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

பெயிண்டுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை எனக்கு. இடது இறக்கையை முடித்துவிட்டு வலதுக்கு வந்தேன். தேய்த்துக்கொண்டே விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். பட்டறைப் பழக்கம் அது. உள்ளே தெர்மாகோல் மிச்சம் இருக்கிறதா, முழுசாகக் கரைந்துவிட்டதா என்று ஒவ்வொரு சுரூபத்தையும் தட்டித்தான் தெரிந்துகொள்வோம். இடது இறக்கை டொப் டொப் என்றது. வலது டொங் என்றது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். நுனியிலிருந்து அடிவரைக்கும் தட்டினேன். கரைத்து முடித்த மாதா எப்படிச் சத்தம் கொடுப்பாளோ அப்படியே இருந்தது.

அந்த நீலக் கட்டி உள்ளே எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தம்பி ஒருநாள் நல்ல மனநிலையில் சொல்லியிருந்தான். மேலே ஒட்டின துணி மெல்லிசு. உள்ளிருக்கும் கட்டிதான் அதை மடங்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டி இல்லாத இறக்கை, வெறும் முட்டை ஓடு.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். தட்டிக் காட்டினேன். அவன் பெயருக்கு ஒரு தடவை தட்டினான்.

"எபாக்சி நல்லா எறுகிருச்சுன்னா சத்தம் மாறும்."

"இது எறுகுன சத்தம் இல்லடா. உள்ள ஒண்ணுமில்லாத சத்தம். இந்தச் சத்தத்துலதான் நான் சோறு துன்னுக்கினு இருக்கேன்."

"உள்ள இருந்தது எங்க போச்சு? பறந்து போச்சா?"

மேஸ்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே இருந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் மணல் மூட்டை வைத்துப் பார் என்று தம்பியிடம் கெஞ்சினேன். ஆமாம், நான் கெஞ்சினேன். ஒரு தடவை பளு தாங்கின இறக்கைக்குத் திரும்பவும் பளு வைத்தால் களைத்துப் போய்விடும் என்றான். அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னான்.

"உனக்கு நான் பறக்கறது புடிக்கல. ஆரம்பத்துல இருந்தே புடிக்கல. சாவு, சாவுன்னு சொல்லிக்கினே இருந்த. இப்ப சத்தம் கேக்குதுன்னு ஒரு கத கட்டற."

தரையில் ஓட்டிப் பார்க்க ஒரு பழைய ஓடுதளத்துக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தான். பறப்பதற்கு அனுமதி இன்னும் வரவில்லை. தரையில் மட்டும்தான் ஓட்டுவேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அவனை எனக்குத் தெரியாதா? சக்கரம் வேகம் எடுத்தால் அவன் தரையோடு நிற்கிற ஆளா? கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாம் என்பான். கொஞ்சம் தூக்கினால் இறக்கை மடங்கும். மடங்கினால் என் தம்பி போய்விடுவான். நான் துணி போட்டுக் கொடுத்த இறக்கையில் போய்விடுவான்.

பெயிண்ட் அடித்து முடித்தான். நான் உதவவில்லை. ஏற்றிக்கொண்டு போக ஒரு டாடா ஏஸ் வந்து நின்ற காலைவரைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் தனியாகக் கட்டி முடித்திருந்த விமானத்தின் உடம்பை டிரைவரும் அவனும் ஏற்றிக் கட்டினார்கள். வலது இறக்கையைத் தூக்க வந்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"நகருக்கா."

"மூட்டைய வச்சுக் காட்டிட்டுப் போ."

"நகருன்னு சொல்றேன்ல." என் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் ரெசின் டின்கள்மேல் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்தது. எழுந்தபோது கைக்கு எட்டின தூரத்தில் கடப்பாரை சாத்தியிருந்தது. சுரூபத்தை நெம்பி நகர்த்துகிற கடப்பாரை.

எடுத்தேன். ஓங்கினேன். இறக்கையின் நடுவில் இறக்கினேன்.

கண்ணாடித் துணி கிழிகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பல் கூசும். இன்னொன்று போட்டேன். மூன்றாவதற்குள் தம்பி பின்னாலிருந்து பாய்ந்து என் கழுத்தைப் பிடித்துவிட்டான். முழங்கையால் அவன் விலாவில் இடித்தேன். அவன் விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் குறுக்கே விழுந்து பிரித்துவிட்டார். "இன்னாங்க அக்கா தம்பி நீங்க? மாடுங்ககூட இப்பிடி முட்டிக்காது" என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் தம்பி ஓட்டையைப் பார்த்தான். குனிந்தான். கையை உள்ளே விட்டான். முழங்கைவரைக்கும் போனது, தோள்வரைக்கும் போனது. எதையும் தொடவில்லை. கையை வெளியே எடுத்தபோது விரலில் கொழகொழவென்று நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தான். எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, தின்னர்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி அண்ணன் உள்ளே வந்தார். தோளில் ஒரு மஞ்சள் பை. மண் போகாத பச்சை மல்லாட்டை. அம்மாவுக்கு வேகவைத்துக் கொடுக்கக் கொண்டு வந்திருந்தார். இறக்கையைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே விட்டார்.

"யாரும்மா ஒடச்சது? நான் எவ்ளோ கஷ்டப்பட்டு கரைச்சு வச்சேன்."

அவரே சொன்னார். தம்பி வெயிட்டுக்குக் கஷ்டப்பட்டதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பூட்டின பட்டறையை ஞாயிற்றுக்கிழமை வந்து, அப்பா காலத்தில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவியால் திறந்து, இறக்கையை நிறுத்தி வைத்து, ஒயர் போகிற துளை வழியாகத் தின்னரை ஊற்றிக் கரைத்து வடித்திருக்கிறார். ஊருக்குப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. "வழக்கமா செய்யறதுதானே. மாதாவுக்குச் செய்யற மாதிரி. ஒட்டி முடிச்சப்புறம் உள்ள இருக்கறது எதுக்குன்னு..." என்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

தம்பி அவரை முதலில் அடித்தது வாயில். அவர் விழுந்தார். விழுந்தவரை எழுப்பி நிறுத்தி மறுபடியும் அடித்தான். அவர் தடுக்கக்கூட இல்லை, கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு "தம்பி, தம்பி" என்றார். பல் ஒன்று சிமெண்டில் விழுந்து உருண்டது. நானும் டிரைவரும் இழுத்தோம். டிரைவருக்கு ஓர் உதை விழுந்ததும் அவர் வெளியே ஓடிவிட்டார். தம்பி மூலையிலிருந்த தின்னர் கேனை எடுத்தான். மூடியைத் திருகி எறிந்தான். மேஸ்திரி அண்ணன் தலைமேல் கவிழ்த்தான்.

"கரைக்கறதுன்னா உனக்குப் புடிக்கும்ல? உன்னியும் கரைச்சுப் பாக்கறேன்."

அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். அவர் பீடி பிடிக்கிறவர். அடி விழுந்ததில் அவர் சட்டைப் பையிலிருந்த லைட்டர் கீழே விழுந்து கிடந்தது. தம்பி அதை எடுத்தான்.

பட்டறை முழுக்கத் தின்னர் வாடை. அவன் முகத்தைப் பார்த்தேன். அது என் தம்பியின் முகம் இல்லை. அவன் கட்டைவிரல் சக்கரத்தின்மேல் இருந்தது. பேசிப் பார்க்க எனக்கு நேரமில்லை, பேசினால் கேட்கிற நிலையில் அவனும் இல்லை. காலடியில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். அவன் மணிக்கட்டைப் பார்த்து வீசினேன்.

எலும்பு முறிகிற சத்தம் சின்னதுதான். லைட்டர் பறந்து வாசலுக்கு வெளியே மண்ணில் போய் விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டான். நான் குழாயைத் திறந்து மேஸ்திரி அண்ணன் தலையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன். கை உடைந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் வருத்தமில்லை. தலையில் வீசாமல் கையில் வீசினேனே, அதுவே பெரிசு என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

விமானம் ஏற்ற வந்த டாடா ஏஸில், வெளியே ஓடின டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டு விமானத்தின் உடம்பை இறக்கிப் போட்டுவிட்டு, அவனை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மேஸ்திரி அண்ணனையும் ஏற்றிக்கொண்டேன், வாயில் ரத்தம் நிற்கவில்லை. பின்னால் பலகையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டுகிற இடத்தில் வண்டி குலுங்கியபோது தம்பி வலியில் முனகினான். மேஸ்திரி அண்ணன் தன் ஈரத் துண்டைச் சுருட்டி அவன் கைக்கு அடியில் வைத்தார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. கீழே விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னான். "ரெண்டு பேருமா?" என்று டாக்டர் கேட்டார். ரெண்டு பேரும்தான் என்று நான் சொன்னேன். அவர் என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கையில் பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா ஊட்டிவிட்டால் சாப்பிட்டான். மேஸ்திரி அண்ணன் சில நாளிலேயே வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருங்கள் என்றேன். மாதாவுக்கு முகம் முடிக்கணுமே என்றார், பல் இல்லாத இடத்தில் காற்று வந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போலீசுக்குப் போயிருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன்.

பிறகு ஒரு காலையில் தம்பி பட்டறைக்கு வந்தான். கை கழுத்துத் தூளியில் தொங்கியது. நேராக இடது இறக்கைக்குப் போய் நின்றான்.

"இதுலயும் ஊத்துனீங்களாண்ணே?" என்று திரும்பாமல் கேட்டான்.

மேஸ்திரி அண்ணன் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இல்ல தம்பி. மயிலம் முருகன் மேல சத்தியமா அதத் தொடல. கனமா இருந்தத மட்டும்தான்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் போய்த் தட்டினேன். நுனியிலிருந்து தொடங்கி, ஒரு சாண் விடாமல், மேலும் கீழும் தட்டினேன். டொப் டொப் என்று ஒரே சீராக வந்தது. எனக்குள் ஒரு பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சனியன் ஒழியட்டும் என்று நினைத்தவள்தான். ஆனாலும் அது என் கை வேலை.

"கெட்டிடா. முழுசா இருக்குது. ஒரு எடத்துலகூடப் பொள்ளல் இல்ல."

சரி என்று தலையை ஆட்டினான். சுவரோரம் போனான். இடது கையால் கடப்பாரையை எடுத்தான். எடுத்து ஓரமாக வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். இறக்கையில் குத்தினான்.

உள்ளே நீலமாக, முழுசாக, அறுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. துணி கட்டியை விட்டு எங்கேயும் பிரியவில்லை. கடப்பாரை சிக்கிக்கொண்டது. காலை வைத்து மிதித்துப் பிடுங்கி மறுபடியும் குத்தினான். "வேணாம் தம்பி, நான் அதுல ஊத்தல, சத்தியமா ஊத்தல" என்று மேஸ்திரி அண்ணன் கத்தினார். மூன்றாவது குத்தில் கடப்பாரை ஆழமாக இறங்கி நின்றுவிட்டது. ஒரு கையால் இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

நான் அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "கெட்டின்னு சொன்னேன்ல? என் பேச்ச எப்பத்தான்டா நம்புவ?"

"நம்புனேங்க்கா" என்றான். "நீ கெட்டின்னு சொன்னதாலதான் ஒடச்சேன். இது நல்லா இருந்துச்சுன்னா நான் வலதுக்கு இன்னொண்ணு செய்வேன்."

நான் கையை இறக்கினேன்.

"நீ அடிக்கலன்னா லைட்டர அமுக்கியிருப்பேங்க்கா" என்றான். எனக்குச் சொன்னான், பார்த்தது மேஸ்திரி அண்ணனை.

மேஸ்திரி அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வந்து, தம்பியைத் தாண்டிப் போய், கடப்பாரையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் போய் ஒரு கை பிடித்தேன்.